டீவியில் பேயைப் பார்த்துப் பயந்த பிள்ளை



இப்போது அநேகமான லயங்களில் டீவி வந்துவிட்டது. கூரை மேலே டிஷ்ஷும் நிற்கிறது. பகலெல்லாம் மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வரும் ஒரு தாய், இராத்திரி கொஞ்ச நேரம் படம் பார்ப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். டீவி இருக்கிற காம்பராவில்தான் பிள்ளையும் படுக்கிறது. “அது தூங்கிருச்சு” என்று நினைத்து ‘சந்திரமுகி’யையோ (2005) ‘காஞ்சனா’வையோ (2011) பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நமக்கு அவை பாதி சிரிப்புப் படங்கள். போர்வைக்குள் இருந்து பார்க்கிற நாலு வயசுப் பிள்ளைக்கு அப்படி இல்லை.

சின்னப் பிள்ளைகள் கதையைப் பார்த்துப் பயப்படுவதில்லை, உருவத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். 1980களில் அமெரிக்காவில் ஜோன் கேன்ட்டர் என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் இதை ஆராய்ந்தார்கள். அங்கே ‘ஹல்க்’ என்று ஒரு தொடர் ஓடியது. நல்ல மனுஷன் ஒருவன் கோபம் வந்தால் பச்சை நிறப் பூதமாக மாறி, ஆபத்தில் இருப்பவர்களுக்கு உதவி செய்வான். பெரிய பிள்ளைகளுக்கு அவன் நல்லவன் என்று விளங்கியது. மூன்று, நாலு வயசுப் பிள்ளைகளோ அவன் மாறுகிற அந்த இடத்தைப் பார்த்தே நடுங்கினார்கள். ஆகவே, “அது சும்மா படம்டா, இதுக்குப் போய் அழுவுறியா?” என்று சொல்வதால் அந்த வயசுப் பிள்ளைக்குப் பயம் போகாது. அழுதால் ஏசுவார்கள் என்பதை மட்டும் அது படித்துக்கொள்ளும்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் பேச்சே வேண்டாம். டீவியை நிறுத்திவிட்டு மடியில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். “அம்மா இருக்கேன் சாமி, கதவு பூட்டியிருக்கு, அப்பாவும் இங்கதான் இருக்காரு” என்றால் போதும். குடிக்கக் கொஞ்சம் தண்ணி, பிடித்துத் தூங்க அம்மாவின் பழைய சேலை, இதெல்லாம் பெரிய மருந்து. திருநீறு பூசுவது உங்கள் வழக்கமானால் பூசுங்கள், பிள்ளைக்கு அது ஆறுதல்தான். ஆனால் “பேய் அடிச்சிருச்சு போல” என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் பிள்ளை கேட்கச் சொல்லாதீர்கள். படத்தில் பார்த்த பேய் அப்புறம் லயத்துக்கே வந்துவிடும்.

விளக்கம் சொல்வதற்கு விடிய வேண்டும். நம்ம தோட்டங்களில் அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. மாசியில் காமன் கூத்து நடக்கும்போது எமன் வேஷம் கட்டுகிறவர் யார்? அடுத்த லயத்து மாமாதானே! அவர் முகத்தில் சாயம் பூசும்போது பிள்ளையைப் பக்கத்தில் கூட்டிப்போய்க் காட்டுங்கள். கூத்து வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. கொஞ்சம் அடுப்புக் கரியை எடுத்து, பிள்ளையையே அப்பா முகத்தில் மீசையும் பல்லும் வரையச் சொல்லுங்கள். பிறகு அதன் கையாலேயே கழுவிவிடட்டும். “டீவியில வந்த அக்காவும் இப்பிடித்தான் மொகத்த கழுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாங்க” என்று அப்போது சொன்னால் ஏறும்.

கக்கூஸ் விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பல லயங்களில் அது வெளியே, இருட்டில் இருக்கிறது. பயந்த பிள்ளை அங்கே போகாமல் அடக்கிக்கொண்டு படுக்கும், பாயில் போய்விடும். அதற்கு அடிக்காதீர்கள். படுக்கப் போகுமுன் ஒரு தடவை டோர்ச் அடித்துக் கூட்டிப்போய் வாருங்கள். டோர்ச்சைப் பிள்ளை கையிலேயே கொடுத்தால் இன்னும் நல்லது. அடம் பிடிக்கிற பிள்ளையை அடக்க “முனி வருது, புடிச்சுக் குடுத்துருவேன்” என்கிற பழக்கத்தையும் விட்டுவிடலாம். பகலில் நாமே முனியைக் கூப்பிட்டுவிட்டு இராத்திரியில் “முனி இல்லை” என்றால் எந்தப் பிள்ளை நம்பும்?

எட்டு, பத்து வயசுப் பிள்ளைகளின் பயம் வேறு மாதிரி. அவர்கள் பேயை விட நியூசுக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. அந்த மாதிரிப் படங்களை டீவியில் பார்த்த பிள்ளை, மழை பெய்யும்போது “நம்ம மலையும் சரியுமா?” என்று கேட்கும். இதற்குப் போய் “அதெல்லாம் நடக்காது” என்று சொல்லக்கூடாது. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் எந்த வழியாக இறங்குவோம், எங்கே போய்த் தங்குவோம், பாட்டியை யார் கூட்டி வருவார்கள் என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். அதே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டும்போது டீவியை நிறுத்திவிடுங்கள்.

சில பிள்ளைகள் தூங்கிக் கொஞ்ச நேரத்தில் அலறிக்கொண்டு எழும்பும். கண் திறந்திருக்கும், ஆனால் அம்மாவைத் தெரியாது. விடிந்ததும் ஒன்றும் ஞாபகம் இருக்காது. இது அரைத் தூக்கத்தில் வருவது, பேய் பிடித்தது அல்ல. உலுக்கி எழுப்பாமல், எங்கேயும் விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொண்டால் தானாக அடங்கும். ஆனால் பயம் பல வாரம் நீடித்தால், சாப்பாடு, பள்ளிக்கூடம் எதுவும் வேண்டாமென்றால், தோட்ட வைத்திய உதவியாளரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ காட்டுங்கள். பிள்ளை பயப்படுவது டீவிக்கு இல்லை, வீட்டுக்கு வருகிற ஓர் ஆளுக்கு என்று தெரிந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு உடனே பேசுங்கள்.