பாய்மரப் படகுக்கு அணிய உந்தி வேண்டுமா?

கிரேக்க நாட்டை அடுத்த ஈஜியன் கடலில், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ‘மெல்டெமி’ என்னும் வடகாற்று வீசுகிறது. பிற்பகலில் அது வலுத்து, பல நாட்களில் 20 முதல் 30 நாட் வரை, அதாவது மணிக்கு 37 முதல் 56 கிலோமீட்டர் வரை, வேகம் கொள்ளும். உல்லாசப் பயணம் செய்யும் பாய்மரப் படகுகள் சிறு துறைமுகங்களை நாடி வருவதும் அதே வேளையில்தான். முன்முனையிலிருந்து நங்கூரத்தை இறக்கிவிட்டு, பின்புறமாகவே சென்று, இரு படகுகளுக்கு இடைப்பட்ட சந்தில் நுழைந்து, பின்முனையைக் கரையுடன் பிணைப்பது அங்குள்ள வழக்கம். படகில் இருப்போர் வயது முதிர்ந்த ஒரு கணவனும் மனைவியும் மட்டுமே எனில், இச்செயல் எளிதன்று.

படகு மெதுவாகச் செல்லும்போது சுக்கானின் மீது நீரோட்டம் குறைகிறது. ஆகவே அதன் ஆற்றலும் குன்றுகிறது. மேலும், இக்காலப் படகுகளுக்கு நீருக்குள் பிடிப்புத் தருவது நடுவில் ஆழ்ந்திறங்கும் ஏராக்கட்டையே. அணியம் எனப்படும் முன்பகுதியோ ஆழமற்றது. ஆதலால் பக்கக் காற்று அணியத்தை எளிதில் ஒதுக்கித் தள்ளிவிடுகிறது. இதைத் தடுக்க அமைந்த சாதனமே அணிய உந்தி. அணியத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே, குறுக்காக ஒரு குழாய் பதிக்கப்படுகிறது. அதனுள் மின்சார மோட்டாரால் சுழலும் உந்துவிசிறி நீரை ஒரு புறம் தள்ள, அணியம் மறுபுறம் நகர்கிறது.

காற்றின் கணக்கு

இச்சாதனம் எவ்வளவு உதவும் என்பதை எளிய கணக்கால் அறியலாம். 12 மீட்டர் நீளமுள்ள படகொன்றின் பக்கவாட்டில், பாய்மரமும் கயிறுகளும் உட்பட, 14 சதுரமீட்டர் பரப்பு காற்றுக்கு எதிர்ப்படுவதாகக் கொள்வோம். 20 நாட் காற்று ஒரு சதுரமீட்டரில் ஏறத்தாழ ஆறரைக் கிலோகிராம் எடைக்குச் சமமான அழுத்தம் தருகிறது. ஆகவே மொத்த விசை சுமார் 92 கிலோகிராம். பின்முனை நிலையாக இருப்பின், அணியத்தை நிறுத்தி வைக்க அதில் பாதி, 46 கிலோகிராம், போதும். 60 கிலோகிராம் உந்துவிசையுள்ள சாதனம் இதைச் சமாளித்துவிடும்.

ஆனால் காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. 30 நாட் காற்றில் அணியத்துக்கு 104 கிலோகிராம் விசை தேவைப்படும். அதே சாதனம் அப்போது தோற்றுவிடும். 10 நாட் காற்றிலோ 12 கிலோகிராமே தேவை. அதற்கு உந்தியே வேண்டுவதில்லை. எனவே இச்சாதனம் மெய்யாகப் பயன்படுவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காற்றிலேயே ஆகும்.

விலைக்கு அப்பாற்பட்ட செலவு

4 கிலோவாட் மோட்டாரை 12 வோல்ட் மின்கல அடுக்கு இயக்க வேண்டுமாயின், 330 ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் பாயும். சில நிமிடங்களே இயங்குவதால் செலவாகும் மின்சாரம் அதிகமன்று, மின்னோட்டமே அதிகம். மின்கலங்கள் படகின் பின்பகுதியில் இருந்தால், போகவும் வரவுமாக 20 மீட்டர் கம்பி வேண்டும். 95 சதுரமில்லிமீட்டர் குறுக்களவுள்ள செம்புக் கம்பியில்கூட ஒரு வோல்ட்டுக்கு மேல் வீணாகும்; செம்பு மட்டுமே 17 கிலோகிராம் எடையிருக்கும். இதைத் தவிர்க்க மின்கலங்களை அணியத்திலேயே வைத்தால், அந்தச் சுமை அங்கே சேர்கிறது.

குழாய் போதிய ஆழத்தில் அமையாவிடில், விசிறி காற்றை உறிஞ்சி விசை இழக்கும். ஆழமற்ற அணியமுள்ள படகுகளில் உள்ளிழுத்துக்கொள்ளும் வகையைப் பொருத்துவர். அது சிக்கலானது, விலையும் மிகுதி. குழாயின் இரு வாய்களும் பாய் விரித்துச் செல்லும்போது நீரின் எதிர்ப்பைச் சற்றுக் கூட்டுகின்றன. எவ்வகையாயினும், நீர்மட்டத்துக்குக் கீழே படகின் உடலைத் துளைக்காமல் இது அமைவதில்லை. அவ்விணைப்பை ஆண்டுதோறும் சோதிப்பது அவசியம்.

முடிவு செய்யும் முறை

கரையில் கட்டிய ஒரு கயிற்றை அச்சாகக் கொண்டு, படகின் யந்திரத்தையும் சுக்கானையும் இயக்கி அணியத்தைத் திருப்பும் பழைய முறைக்கு மின்சாரமே தேவையில்லை. பின்னோக்கிச் செல்லுகையில் உந்துவிசிறி பின்முனையை எப்பக்கம் இழுக்கிறது என்பதை அமைதியான நாளில் கண்டறிவதும் செலவற்ற கல்வியே. இவற்றைக் கற்ற பின்னரும், இருவர் மட்டுமே அடிக்கடி நெருக்கமான துறைகளில் படகைக் கட்ட வேண்டியிருந்தால், அணிய உந்தி தக்க துணையாகும். நால்வர் உதவிக்கு இருந்து, பெரும்பாலும் நங்கூரமிட்டே தங்குவோருக்கு அது பாரமே.

பொருத்துவதென முடிவு செய்வோர், விற்பனைப் பட்டியலில் உள்ள படகின் நீளத்தை மட்டும் பாராமல், தாம் துறை சேரத் துணியும் காற்றின் வேகத்தைக் கொண்டே அளவைத் தேர்தல் வேண்டும். அதற்கு மேற்பட்ட காற்றில், திறந்த இடத்தில் நங்கூரமிட்டுக் காத்திருப்பதே விவேகம். பொத்தானை அழுத்தியும் மோட்டார் இயங்காத ஒரு நாள் வரக்கூடும். அன்றும் பத்திரமாகத் திரும்பிச் செல்ல வழியிருக்குமாறு படகைச் செலுத்துபவரே, இச்சாதனத்தின் முழுப் பயனையும் பெறுகிறார்.