வண்டிக்கு முன் அடுப்படி

காணியை விட்டு வந்த கமக்காரக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சமையல் ஒரு தொழிலாகிவிட்டது. நகையை அடகு வைத்துப் பழைய வான் ஒன்றை வாங்கி, பக்கத்தை வெட்டித் திறந்து, சந்தியில் தோசையும் கொத்துரொட்டியும் விற்க முனைவோர் உண்டு. காசு முதலில் வண்டிக்குப் போகிறது. விதிகளைப் பற்றிய விசாரணையோ வண்டி மறிக்கப்பட்ட பின்னர்தான் தொடங்குகிறது.

கிளிநொச்சி நகரையே எடுத்துக்கொள்வோம். அது கரைச்சிப் பிரதேச சபையின் எல்லைக்குள் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ், உணவு வியாபாரத்துக்குச் சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அது டிசெம்பர் 31ஆம் திகதியுடன் காலாவதியாகும். ஒக்ரோபரில் எடுத்தாலும் முடிவு அதே நாள்தான். ஆகவே ஜனவரியில் எடுப்பவருக்கே இலாபம்.

சபை பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் சிபாரிசைக் கேட்கும். பலர் இவரைச் சபை உத்தியோகத்தர் என்று எண்ணுகிறார்கள். இவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைச் சேர்ந்தவர். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், உணவைப் பரிசோதிக்கவும் மாதிரி எடுக்கவும் நீதிமன்றில் வழக்குத் தொடரவும் வழி செய்கிறது.

வண்டி எவ்வளவு பளபளத்தாலும், மா குழைப்பதும் மரக்கறி வெட்டுவதும் வீட்டிலே என்றால் அந்த அடுப்படியையும் அவர் பார்ப்பார். கிணற்றுக்கும் மலசலகூடத்துக்கும் உள்ள தூரம், கழிவுநீர் போகும் வழி, இலையான், சமைப்பவரின் உடல்நலம், நெருப்புக் காய்ச்சல் தடுப்பூசி எல்லாம் கேள்விக்கு வரும். தற்காலிகக் கொட்டிலில், பலருக்குப் பொதுவான கிணற்றை நம்பி இருப்பவர்களுக்கு இடறும் இடம் இதுவே. எனவே வண்டி வாங்குமுன் பரிசோதகரைக் கூப்பிட்டு அடுப்படியைக் காட்டுங்கள். என்ன திருத்த வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும். காணி பிறருடையதானால் அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

அடுத்த சிக்கல் இடம். அனுமதிப்பத்திரம் கையில் இருந்தால் எங்கும் நிற்கலாம் என்பது தவறான எண்ணம். ஏ9 வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளது. அதன் ஓரத்தில் நிற்பதற்குப் பிரதேச சபையின் கடிதம் மட்டும் போதாது. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றால் பொலிசார் எழுப்பிவிடுவார்கள். பேத்தோவனின் மெட்டை ஒலித்துக்கொண்டு வரும் 'சூண் பாண்' ஆட்டோவுக்கு இந்தத் தொல்லை குறைவு. அது ஓரிடத்தில் தரிப்பதில்லை. வருடமெல்லாம் வாடகை கட்டும் கடைக்காரர் தம் வாசலில் வண்டி நிற்பதை முறையிடுவதும் நியாயமே. பஸ் நிலையத்துக்கோ சந்தைக்கோ அருகில் இடமொன்றைச் சபைகளே ஒதுக்கித் தருவதுதான் இதற்கு வழி என்பது எமது எண்ணம். ஒருவர் தனியே கேட்பதிலும் பத்துப் பேர் சேர்ந்து மனுக் கொடுப்பது பலன் தரும்.

வானின் உடலமைப்பை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் கேட்க வேண்டும். பொலித்தீன் லஞ்ச் சீற்றும் ரிஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பர் 1 முதல் தடை; வாழையிலை இருக்கிறதே! சூடாக விற்கும் உணவு 60 பாகை செல்சியசுக்குக் கீழே ஆறக்கூடாது.

அனுமதிப்பத்திரத்தின் பிரதியை வண்டியில் வையுங்கள். மூலப் பத்திரம் வீட்டில் இருக்கட்டும்.