வெண்புள்ளி நோய்: தொட்டி மீன்களைத் தாக்கும் புற ஒட்டுண்ணி

வெண்புள்ளி நோய் என்பது நன்னீர் மீன்களின் தோலிலும் செவுளிலும் ஒட்டுண்ணியாக வாழும் ஒருசெல் உயிரியால் உண்டாகும் நோயாகும். மீன் வளர்ப்போர் இதைச் சுருக்கமாக ‘இக்’ என்பர். நோய்க் காரணியின் அறிவியற்பெயர் இக்தியோப்திரியஸ் மல்டிபிலிஸ். ‘பல பிள்ளைகளைப் பெற்ற மீன்பேன்’ என்பது அதன் பொருள். இது உண்மையில் பேன் அன்று. உடல் முழுதும் நுண்ணிய இழைகளைக் கொண்டு அவற்றை அசைத்து நீந்தும் உயிரி. ஆனால் ‘பல பிள்ளைகள்’ என்ற பகுதி மிகச் சரியான வர்ணனை. கடையிலிருந்து ஒரே ஒரு மீனை வாங்கி வந்து விட்ட சில நாட்களில் தொட்டியில் உள்ள மீன்கள் அனைத்தும் நோயுறுவது அதனால்தான்.

அறிகுறிகள்

மீனின் உடலிலும் துடுப்பிலும் ரவையைத் தூவியது போல 1 மில்லிமீட்டருக்கு மிகாத வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். அதற்கு முன்பே மீன்கள் கல்லிலும் தொட்டியின் அடியிலும் உடலை உரசிக்கொள்ளும், துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு ஓரமாக நிற்கும், இரை எடுக்காது. செவுளில் தொற்று மிகுந்தால் நீர்மட்டத்துக்கு வந்து வேகவேகமாக மூச்சு வாங்கும். செவுளில் மட்டும் தொற்றிய மீன், உடலில் ஒரு புள்ளி கூடத் தெரியாமல் இறந்து போவதும் உண்டு.

ஆண் தங்கமீன்களுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும் முன் துடுப்பின் முதல் முள்ளிலும் வெண்ணிறப் புடைப்புகள் எழும். இது நோயன்று. இதைப் பார்த்துப் பயந்து மருந்து ஊற்றுவோர் பலர்.

ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சி

இந்நோயின் சிகிச்சை முழுவதும் இதைப் புரிந்துகொள்வதில்தான் அடங்கியிருக்கிறது. நாம் காணும் புள்ளி, மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து திசுக்களைத் தின்று வளரும் ஒட்டுண்ணி. அதன் மேல் மீனின் தோல் மூடியிருப்பதால் நீரில் கலந்த மருந்து அதை எட்டுவதில்லை. முழு வளர்ச்சி அடைந்ததும் அது தோலைக் கிழித்து வெளியேறி, தொட்டியின் அடியிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஓர் உறையை உருவாக்கும். உறைக்குள் மீண்டும் மீண்டும் இரண்டாகப் பிளந்து நூற்றுக்கணக்கில், சில வேளைகளில் ஆயிரம் வரை, குஞ்சுகளாகும். இந்த உறையையும் மருந்து எளிதில் துளைக்காது. உறை உடைந்ததும் குஞ்சுகள் மீனைத் தேடி நீந்துகின்றன. ஓரிரு நாட்களுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை மடிந்துவிடும்.

மருந்தால் கொல்ல முடிவது இந்த நீந்தும் பருவத்தை மட்டுமே.

சுழற்சியின் வேகத்தை நீரின் வெப்பநிலை முடிவு செய்கிறது. 25 பாகை செல்சியசில் ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் சுற்று முடிந்துவிடும். குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் நீளும். மருந்திட்ட மூன்றாம் நாள் புள்ளிகள் மறைந்தால் பெரும்பாலோர் நோய் தீர்ந்தது என்று மருந்தை நிறுத்திவிடுகின்றனர். புள்ளிகள் மறைந்ததற்குக் காரணம் மருந்து அன்று. ஒட்டுண்ணிகள் முதிர்ந்து மீனை விட்டு இறங்கிவிட்டன என்பதே. அவை அடியில் பெருகிக்கொண்டிருக்கும். அடுத்த அலை முன்னதைவிடப் பன்மடங்காக வரும்; பெரும்பாலான மீன்கள் இறப்பது இந்த இரண்டாம் அலையில்தான். ஆகவே 25 முதல் 28 பாகை வெப்பமுள்ள நீரில் குறைந்தது 10 முதல் 14 நாட்கள் சிகிச்சை தொடர வேண்டும்.

சிகிச்சை

புள்ளி உள்ள மீனை மட்டும் தனியே எடுத்து வைப்பதில் பயனில்லை. தொற்று தொட்டி முழுவதும் பரவியிருக்கும் என்பதால் தொட்டிக்கே சிகிச்சை தேவை.

எளிதில் கிடைப்பதும் ஆபத்து குறைந்ததும் கல் உப்பு. லிட்டருக்கு 2 கிராம் என்பது பொதுவான அளவு. 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உயரமும் கொண்ட தொட்டியின் கொள்ளளவு 54 லிட்டர். கற்களையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால் நீர் சுமார் 45 லிட்டர். அதற்கு 90 கிராம் உப்பு. இதைத் தனிப் பாத்திரத்தில் கரைத்து, ஒரு நாள் முழுவதும் மூன்று தவணைகளாகச் சேர்க்க வேண்டும். நீர் ஆவியானால் உப்பு போகாது. எனவே குறைந்த அளவுக்கு வெறும் நீரையே ஊற்ற வேண்டும். நீரை மாற்றும்போது மட்டும், வெளியேற்றிய நீரின் அளவுக்கு ஏற்ப உப்பிட வேண்டும். நீர்ச்செடிகள் பலவும் கெளுத்தி இன மீன்களும் உப்பை நன்கு தாங்குவதில்லை.

வெப்பமண்டல மீன்கள் உள்ள தொட்டியில் ஹீட்டரைக் கொண்டு மணிக்கு 1 பாகைக்கு மிகாமல் உயர்த்தி 30 பாகைக்குக் கொண்டு வரலாம். ஒட்டுண்ணி விரைவாக மீனை விட்டு இறங்குவதால் மருந்துக்கு விரைவில் அகப்படும். ஆனால் வெப்பம் கூடினால் நீரில் கரையும் ஆக்சிசன் குறையும்; செவுள் பழுதான மீனுக்கு இது கடும் சோதனை. ஏர் பம்ப் இடைவிடாது ஓட வேண்டும். மின்சாரம் அடிக்கடி நிற்கும் வீடுகளில் இம்முறையைத் தவிர்ப்பதே நல்லது. தங்கமீன்களுக்கும் இவ்வளவு வெப்பம் ஒத்துக்கொள்ளாது.

கடைகளில் விற்கும் வெண்புள்ளி மருந்துகள் பலவற்றில் மாலகைட் கிரீன், பார்மலின் ஆகியவை இருக்கும். இவை நன்றாக வேலை செய்யும், நஞ்சும்கூட. மாலகைட் கிரீனை உணவு மீன்களுக்குப் பயன்படுத்தப் பல நாடுகளில் தடை உள்ளது. கையுறை அணிந்தே கையாள வேண்டும். செதில் இல்லாத மீன்களுக்கு இம்மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும். தாமிர மருந்துகள் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். எந்த மருந்தானாலும் வடிகட்டியில் உள்ள கரித்தூளை முதலில் எடுத்துவிட வேண்டும். இல்லையேல் ஊற்றிய மருந்தைக் கரி உறிஞ்சிவிடும். இரண்டு மருந்துகளைக் கலக்கக் கூடாது.

தினமும் சரளைக்கல்லின் அடியைக் குழாயால் உறிஞ்சிச் சுத்தம் செய்தால் உறைகளில் ஒரு பகுதி மருந்தின்றியே வெளியேறிவிடும்.

பிற புற ஒட்டுண்ணிகள்

புள்ளிகளுக்குப் பதில் பொன்துகள் படிந்தது போலத் தோன்றினால் அது வெல்வெட் நோய். மீனின் உடலிலிருந்து நூல் போல நீட்டிக்கொண்டிருப்பது நங்கூரப்புழு. தட்டையாக ஒட்டி நகர்வது மீன்பேன். இவை இரண்டும் இறால் இனத்தைச் சார்ந்த கணுக்காலிகள். வெண்புள்ளி மருந்து இவற்றுக்கு உதவாது.

தடுப்பு

புதிய மீனை இரண்டு முதல் மூன்று வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துக் கவனிக்க வேண்டும். புதிய செடிகளிலும் உறைகள் ஒட்டியிருக்கலாம் என்பதால், அவற்றை மீனில்லாத நீரில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்து சேர்க்கலாம். இந்த ஒட்டுண்ணி உலர்வைத் தாங்காது. வலைகளையும் வாளிகளையும் வெயிலில் நன்றாகக் காயவைத்த பின்னரே அடுத்த தொட்டிக்குப் பயன்படுத்த வேண்டும். நோயிலிருந்து தப்பிய மீன்கள் ஓரளவு எதிர்ப்பாற்றல் பெறுகின்றன. எனினும் சில மீன்கள் வெளித்தெரியாமல் தொற்றைச் சுமக்கக்கூடும்.