மூன்று நாள் கெடு

சூனியம் உண்மையா? அசாம் மாநிலம் கோல்பாரா மாவட்டத்தைச் சேர்ந்த பிருபாலா ராபாவின் வாழ்க்கை இதற்கு விடை சொல்கிறது.

ஒரு சமயம் அவருடைய மகனுக்கு மனநோய் வந்தது. பையன் மூன்றே நாளில் இறந்துவிடுவான் என்று குறி சொன்னார்கள். மூன்று நாள் கழிந்தது. பிள்ளை உயிரோடு இருந்தான்.

இந்தக் குறி பொய் என்றால், இதுபோன்ற குறிகளை நம்பிப் பெண்களுக்கு 'டைனி', அதாவது சூனியக்காரி என்று பட்டம் கட்டி, அடித்து விரட்டுவது என்ன நியாயம்? இந்தக் கேள்வியோடு ஊர் ஊராகப் போனார் பிருபாலா. மிரட்டலுக்கு அஞ்சவில்லை.

2015-இல் சூனிய வேட்டைக்கு எதிராக அசாம் சட்டமன்றம் தனிச் சட்டம் நிறைவேற்றியது. 2021-இல் பிருபாலாவுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நோய்க்குக் காரணத்தை மருத்துவரிடம் கேட்போம். பக்கத்து வீட்டுப் பெண்மேல் பழி போட வேண்டாம்.