88எச்: ஐந்தருவிக்கு வரும் டயரில் எழுதியிருப்பது

சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலம் ஐந்தருவியில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. சென்னை, மதுரை, கோவை எண்களோடு கார்கள் நெருக்கியடித்து நிற்கும். துண்டை எடுத்துக்கொண்டு அருவிக்கு ஓடும் அவசரத்தில் யாரும் டயரைப் பார்ப்பதில்லை. குனிந்து பார்த்தால், சேறு தெறித்த பக்கச்சுவரில் 185/65 ஆர்15 88எச் என்பது போல ஒரு வரி தெரியும்.

முன்பகுதி டயரின் அளவு. 88 என்பது எடைக்குறி. அந்த ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும். எச் என்பது வேகக்குறி. மணிக்கு 210 கிலோமீட்டர். எஸ் என்றால் 180, டி 190, வி 240.

நம் ரோட்டில் யார் 210-இல் போகிறார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த வேகம், புது டயரில் சரியான காற்று அடைத்து, குறித்த பாரத்தை ஏற்றி, உருளை மேல் ஓடவிட்டுச் சோதித்தது. குற்றாலத்துக்கு வரும் டயரோ நாலைந்து வருஷம் ஓடியது. காரில் ஐந்து பேர், டிக்கி நிறைய மூட்டை. காற்று பிடித்து ஒரு மாதம் ஆகியிருக்கும். எழுத்து மாறவில்லை, டயரின் தாங்குசக்தி குறைந்துவிட்டது.

காரணம் சூடு. சக்கரம் சுற்றும்போது தரையைத் தொடும் இடம் நசுங்கி நிமிர்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் மேலே சொன்ன அளவு டயரில் இது நொடிக்குப் பதினான்கு முறை நடக்கும். காற்று குறைந்திருந்தால் பக்கச்சுவர் இன்னும் ஆழமாக மடங்கும். ரப்பருக்குள் சூடு ஏறும். கடைசியில் உள்ளே இருக்கும் கம்பிப் பட்டையும் ரப்பரும் பிரிந்து டயர் வெடிக்கும். "வெயில் காலம், காத்தைக் குறைச்சுப் போடுப்பா" என்று பலரும் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். குறைத்தால் சூடு கூடத்தான் செய்யும்.

நாற்கரச் சாலையில் வெயிலைத் தின்று வந்த அதே டயர், ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர் தாண்டியதும் மழையில் இறங்குகிறது. தேங்கிய நீரை ஒதுக்க முடியாதபோது டயர் தரையை விட்டு நீரின் மேல் மிதக்கும்; அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் பேச்சைக் கேட்காது. விமான டயர்களை வைத்து நாசா பொறியாளர்கள் 1960களில் வகுத்த கணக்கைப் பொருத்தினால், 33 பிஎஸ்ஐ காற்றுள்ள டயர் சுமார் 95 கிலோமீட்டரில் மிதக்கத் தொடங்கும். 25 பிஎஸ்ஐ என்றால் 83-இலேயே. இதில் எச்சுக்கும் வி-க்கும் வேலையே இல்லை. காற்றும் பட்டனின் ஆழமும்தான் காப்பாற்றும். பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருக்கும். பட்டன் அவற்றின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மிஞ்சியிருப்பது 1.6 மில்லிமீட்டர். அந்த டயரோடு சாரலுக்கு வரவே கூடாது.

வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது.

பல கார்களில் இப்போது வரும் ஒல்லி ஸ்டெப்னியில், வேகம் 80-ஐத் தாண்டக் கூடாது என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை மாட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டாம். தென்காசியிலேயே பஞ்சர் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் உள்தூணில் காற்று அளவு எழுதிய ஸ்டிக்கர் இருக்கும். வண்டி நிறைய ஆள் என்றால் எவ்வளவு என்பதும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். காலையில் லாட்ஜிலிருந்து புறப்பட்டதும், டயர் சூடேறும் முன், பக்கத்துப் பங்கில் அந்த அளவுக்குப் பிடியுங்கள். ஸ்டெப்னிக்கும் அதற்கென்று குறித்த அளவுக்குப் பிடியுங்கள்.