பர்லினுக்கு ஏன் பிரிட்ஜிங்?

செவன் கிங்ஸில இருந்து எழுதுறன். தகரக் கூரைக்குக் கீழ ஓடுற ‘இசட்’ வடிவ மெல்லிய உருக்குச் சட்டம்தான் பர்லின். அதன்ர மேல் விளிம்பைத் தகரம் பிடிச்சிருக்கும். ஆனால் புயல் கூரையை மேல இழுக்கேக்க அமுக்கம் கீழ் விளிம்புக்கு வரும். அதைப் பிடிக்க ஒண்டும் இல்லாட்டி பர்லின் முறுகும். 2022 பெப்ரவரி 18, யூனிஸ் புயல் ஓ2 அரங்கின் கூரைத் துணியையே கிழிச்சது. காற்றின் இழுவை அவ்வளவு!

பர்லின்களை இடையில இணைச்சு முறுகலைத் தடுக்கிறது பிரிட்ஜிங். டெக்லா ஸ்ட்ரக்சர்ஸில அதை வெறும் கோடாக வரையாமல், ஒவ்வொரு துண்டையும் தனிப் பாகமாக, பர்லினில போல்ட் துளையோட மாடல் பண்ணுங்கோ. பொருள் பட்டியலும் துளை இடங்களும் மாடலில இருந்துதான் தொழிற்சாலைக்குப் போகும். அதில விடுபட்டால், கூரையில நிக்கிற தொழிலாளிக்குக் கம்பியும் வராது, துளையும் இராது.

கேள்வி இருந்தால் பதில் போடுங்கோ.