கேம் மாற்றினீர்கள், வால்வு ஸ்பிரிங்கைப் பார்த்தீர்களா?

பட்டர்வொர்த், பிறை, நிபோங் திபால் பக்கமிருந்து பாலம் கடந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் நம் இளைஞர்கள் ஏராளம். அவர்களில் சிலரின் வண்டி கடையிலிருந்து வந்தபடி இருப்பதில்லை. யமஹா ஒய்15, எல்சி135, ஹோண்டா இஎக்ஸ்5 என எதுவானாலும் பெரிய பிஸ்டன், உயரம் கூடிய கேம் என்று மாற்றியிருப்பார்கள். அதற்கெல்லாம் பணம் செலவழிப்பவர்கள் ஒரு சிறு பாகத்தை மறந்துவிடுவதுண்டு. அதுதான் வால்வு ஸ்பிரிங்.

கேம் வால்வைத் திறக்கிறது. மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் ஒவ்வொரு வால்வும் ஒரு முறை திறந்து மூடும். நிமிடத்திற்கு 6,000 சுற்றில் அரை மணி நேரம் ஓட்டினால் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் 90,000 தடவை அமுங்கி எழுகிறது. மாற்றம் செய்யாத எஞ்சினில் அது பல ஆண்டுகள் தாங்கும். ஆனால், 9,000 சுற்று ஓடிய எஞ்சினை 10,800 வரை முறுக்கினால் கணக்கே மாறிவிடும். சுற்று 20 விழுக்காடுதான் கூடுகிறது; வால்வைக் கட்டுப்படுத்தத் தேவையான விசையோ 44 விழுக்காடு கூடுகிறது. எஃகு ஸ்பிரிங்குக்கும் ஓர் எல்லை உண்டு. சிப்பாங்கில் 1999 முதல் 2017 வரை ஓடிய ஃபார்முலா 1 கார்களில் காற்றழுத்தத்தால் வால்வை மூடியதற்குக் காரணமும் அதுதான்.

ஸ்பிரிங் தளர்ந்தால் வால்வு கேமின் மேடு பள்ளத்தைப் பின்தொடராமல் மிதக்கும். முன்பு தாராளமாக ஏறிய சுற்றில் வண்டி திணறும், இழுவை குறையும், தலைப்பகுதியில் சத்தம் கேட்கும். பெட்ரோலிலோ பிளக்கிலோ கோளாறு இருந்தாலும் வண்டி இப்படித் திணறலாம் என்பதால் பலர் ஸ்பிரிங்கைச் சந்தேகிப்பதில்லை. அப்படியே ஓட்டினால் வால்வு பிஸ்டனில் மோதி வளையலாம், உடையலாம். 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தின் நடுவில், இரவு வேலை முடிந்து வரும்போது எஞ்சின் நின்றால், பின்னால் வரும் வண்டிக்கு ஒதுங்கவும் நேரமிருக்காது.

எப்போது பார்க்க வேண்டும்? கேம் மாற்றும்போது கட்டாயம் பார்க்க வேண்டும். வேறு எந்த வேலைக்காக ஹெட்டைத் திறந்தாலும் பார்க்க வேண்டும். வேகமாகப் போகையில் தவறாகக் கீழ் கியர் போட்டு எஞ்சின் அலறியிருந்தாலும் பார்க்க வேண்டும். அந்தச் சுற்றை ஏற்றுவது சக்கரம். சுற்று எல்லைக் கருவியால் அதைத் தடுக்க முடியாது. எஞ்சின் கடுமையாகச் சூடாகியிருந்தாலும் இதே விதிதான். பந்தயத்தில் ஓடும் வண்டியில் கிலோமீட்டரை நம்பாமல், ஸ்பிரிங்கின் அழுத்தத்தை அளந்து எழுதி வைத்து ஒப்பிட வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? ஸ்பிரிங்கைக் கழற்றி, அதன் நீளத்தை வெர்னியர் கருவியால் அளந்து, பட்டறைக் கையேட்டில் உள்ள எல்லையோடு ஒப்பிட வேண்டும். சமதளத்தில் நிறுத்தினால் சாயக்கூடாது. அழுத்தம் புதியதைவிட 10 விழுக்காடு அளவுக்குக் குறைந்திருந்தால் மாற்றிவிடுவது நல்லது. துரு, கீறல், உரசிய தடம் தெரிந்தால் அளக்கவே தேவையில்லை, தூக்கிப் போடுங்கள்.

மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றாமல் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். வால்வு சீலையும் புதிதாகப் போடுங்கள். சுருள் இடைவெளி ஒரே அளவில் இல்லாத ஸ்பிரிங் என்றால், நெருக்கமான பக்கம் கீழே, ஹெட்டைப் பார்த்து இருக்க வேண்டும். கேம் முழு உயரத்துக்குத் தள்ளும்போது சுருள்கள் ஒன்றோடொன்று முட்டாமல் இடைவெளி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மிகக் கடினமான ஸ்பிரிங்தான் சிறந்தது என்ற எண்ணமும் தவறு. அது கேமையும் ராக்கர் ஆர்மையும் சீக்கிரம் தேய்த்துவிடும். கேம் தயாரித்தவர் சொல்லும் ஸ்பிரிங்கே பொருத்தமானது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. எஞ்சினில் மாற்றம் செய்வதற்கு 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி ஜேபிஜே அனுமதி தேவை. அனுமதியில்லாத வண்டி விபத்தில் சிக்கினால் காப்புறுதியிலும் சிக்கல் வரலாம்.

ஒரு செட் ஸ்பிரிங்கின் விலை, உடைந்த வால்வு, பிஸ்டன், ஹெட் ஆகியவற்றின் விலையில் சிறு பங்குதான். அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது, "ஸ்பிரிங் நல்லா இருக்கு" என்று மெக்கானிக் சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள். "எவ்வளவு அளவு வந்தது, அண்ணே?" என்று கேட்டு, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.